துறை கடக்கும் மக்களும் சட்டத்தின் துணையும்

மட்டக்களப்பு வாவியை அண்டி வாழும் மக்களுக்குத் தண்ணீர் புதிதன்று. வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பகுதி வரையில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கும் இவ்வாவி, மாவட்டத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றது. எழுவான்கரையில் கடலோரத்து ஊர்களும் பட்டினங்களும், படுவான்கரையில் வயல்வெளிகளும் மேய்ச்சல் தரைகளும் என அமைந்த இந்நிலத்தில், ஒரு கரையிலுள்ளவர் மறுகரையை நாடாமல் வாழ்ந்துவிட முடியாது. காத்தான்குடி வியாபாரிக்குப் படுவான்கரை நெல் வேண்டும். படுவான்கரை விவசாயிக்கு எழுவான்கரைச் சந்தையும் வைத்தியசாலையும் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ஓடத்தில் ஏறி, ஒரே தண்ணீரைக் கடந்தே தத்தமது சீவியத்தை நடத்தி வந்திருக்கின்றனர்.

2014ஆம் ஆண்டு ஜப்பானிய அரசின் உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக நீடித்த ஒரு துன்பம் தீர்ந்தது. ஆயினும் வாவியின் எல்லாத் துறைகளுக்கும் அந்தப் பாக்கியம் ஒரே காலத்தில் கிட்டவில்லை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்திற்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், வடக்கே சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் இடையிலும் மக்கள் 'பாதை' என்று அழைக்கும் மிதவையையோ இயந்திரப் படகையோ நம்பியே நீண்டகாலம் நீரைக் கடந்து வந்துள்ளனர். மாரிகாலத்தில் கிரான் பக்கத்து வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும்போது, தரைவழியே போய்வந்தவர்களும் படகேற நேருகின்றது. இவற்றுடன் மீன்பிடித் தோணிகளும், பாடுமீன் ஓசை கேட்கவென்று கல்லடிப் பாலத்தருகே செல்லும் உல்லாசப் படகுகளும் சேருகின்றன. இத்தனை பேர் நாளாந்தம் நம்பியிருக்கும் நீர்ப்பயணத்தில் விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய் நிற்பது என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. அதனை இயன்றவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிஞ்சாக்கேணி சொன்ன பாடம்

கிழக்கு மாகாணம் மறக்கக்கூடாத நாள் 2021 நவம்பர் 23. திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டும் வேலைக்காகப் பழைய வழி மூடப்பட்டிருந்த நிலையில், அதற்கு மாற்றாக ஓடிய மிதவைப் பாதை காலை வேளையில் கவிழ்ந்தது. அதிலிருந்தோரில் பெரும்பாலானோர் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அவர்களை அழைத்துச் சென்றோருமாவர். ஆறுக்குக் குறையாத உயிர்கள் பறிபோயின. மாண்டோரில் பலர் சிறார்கள். பாதையை நடத்தியோர் கைதுசெய்யப்பட்டனர். அச்சேவைக்கு இடமளித்தமை தொடர்பாக நகரசபையின் தலைவரும் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அதன் பின்னரே கடற்படையினரின் படகுச் சேவை அவ்விடத்திற்கு வந்தது.

பாலம் கட்டும் திட்டத்தை வகுத்தவர்கள், வேலை முடியும்வரையில் மக்கள் எவ்வாறு கடப்பார்கள் என்பதைத் திட்டத்தின் ஓர் அங்கமாகக் கொள்ளவில்லை என்பதே அந்த விபத்தின் வேர். மாற்றுவழி என்பது ஒப்பந்தத்திற்கு வெளியே, யாரோ ஒருவரின் கையில் விடப்படும் விடயமாக இருந்தது. விபத்துக்குப் பின்னர் வந்த படகு, விபத்துக்கு முன்னரே வந்திருக்கலாகாதா என்ற கேள்வி, அங்கு ஜனாஸாக்களைச் சுமந்த ஒவ்வொருவருடைய நெஞ்சிலும் எழுந்திருக்கும்.

மூன்று வருடங்களின் பின்னர், 2024 நவம்பர் 26இல், அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளிப் பகுதியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் புரண்டு, நிந்தவூர் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டனர். அது படகு விபத்தன்று. ஆனால் வீதி வாய்க்காலாக மாறும் மாதத்தில், கிடைத்த வாகனத்தில் பிள்ளைகள் நீரைக் கடக்க நேரும் நிலை இரண்டு இடங்களிலும் ஒன்றே. இரண்டும் நவம்பரில் நிகழ்ந்தமை தற்செயல் என்று நாம் கருதவில்லை. வடகீழ்ப் பருவமழை எப்போது வரும் என்பது கிழக்கில் சிறு பிள்ளைக்கும் தெரியும். நிர்வாகத்திற்குத் தெரியாதிருக்க நியாயமில்லை.

ஓடம் ஏன் கவிழ்கின்றது?

வாவி ஆழமற்றது, பல இடங்களில் ஓர் ஆளின் உயரத்திற்கும் குறைவு. இதனாலேயே 'இங்கே என்ன நடந்துவிடப் போகின்றது' என்ற அலட்சியம் பிறக்கின்றது. உண்மையில், ஆழமற்ற அகன்ற நீர்ப்பரப்பில் காற்று வலுத்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் எழும். தாழ்ந்த விளிம்புள்ள தோணிக்குள் அவை எளிதில் நீரை வாரியிறைக்கும். அடியிலோ சேறும் நீர்த்தாவரங்களும் வலைக்கட்டைகளும் கிடக்கின்றன. நிற்கலாம் என்று காலூன்றியவரைச் சேறு பிடித்துக்கொள்கின்றது. சேலையோ அபாயாவோ, தோளில் புத்தகப்பையோ நனைந்து கனத்துவிட்டால், நீந்தத் தெரிந்தவருக்கும் அது பெரும் சோதனையே.

மிதவைப் பாதை தட்டையானது என்பதால் அது கவிழாது என்பதும் தவறான நம்பிக்கை. அதன் உறுதி, பாரம் சமமாகப் பரந்திருக்கும் வரையில்தான். மோட்டார் சைக்கிள்கள் ஒரு பக்கம் நிறுத்தப்பட்டு, கரை நெருங்கும்போது எல்லோரும் முன்பக்கம் நகர்ந்தால், ஒரு விளிம்பு நீருக்குள் அமிழும். மேலேறிய நீர் சாய்ந்த பக்கத்திற்கே ஓடிச் சேர்ந்து சாய்வை மேலும் கூட்டும். அடியிலுள்ள மிதவைத் தொட்டிகளில் ஒன்றில் துளை விழுந்திருந்தால், இது சில நொடிகளில் முடிந்துவிடும். ஆகவே எத்தனை பேர் ஏறினார்கள் என்பது மட்டுமன்றி, எங்கே நின்றார்கள், தொட்டிகளைக் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது என்பனவும் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகளாகும்.

மீன்பிடிக்கென அமைக்கப்பட்ட படகைப் பயணிகள் படகாக மாற்றுவது இன்னோர் ஆபத்து. 2023 மே 7ஆம் திகதி கேரள மாநிலம் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட உல்லாசப் படகு, மீன்பிடிப் படகை மாற்றியமைத்ததென்பதும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்ததென்பதும் தெரியவந்தன. மாண்டவர்களில் பாதிப் பேர் ஒரே குடும்பத்தவர். 2011 டிசம்பர் 25இல் தமிழகத்தின் பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணம் போனவர்களில் 22 பேர் மூழ்கி மாண்டனர். உல்லாசப் பயணிகளை வரவேற்க விரும்பும் மட்டக்களப்பு, இந்த ஊர்களின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குற்றவியல் வழி

விபத்து நேர்ந்த பின்னர் சட்டம் மூன்று வழிகளில் பாதிக்கப்பட்டோருக்குத் துணைவரக்கூடும். முதலாவது குற்றவியல் வழி. கவலையீனத்தால் மரணம் விளைவிப்பது, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி ஐந்து வருடங்கள் வரையில் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். கவலையீனமாகக் கலத்தைச் செலுத்துவதும், அளவுக்கு மீறிய பாரமுள்ள அல்லது பாதுகாப்பற்ற கலத்தில் கூலிக்கு ஆட்களை ஏற்றுவதும் தனித்தனிக் குற்றங்களே. இவ்வழக்குகளைப் பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் நடத்துவார்கள். குற்றவாளியாகக் காணப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு வழங்குமாறு கட்டளையிடும் அதிகாரத்தைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் நீதிமன்றுக்குக் கொடுத்திருக்கின்றது. குற்றச் செயல்களால் பாதிக்கப்பட்டோருக்கு உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் 2015இல் முதன்முதலாக வந்து, 2023இன் 10ஆம் இலக்கச் சட்டத்தால் மாற்றீடு செய்யப்பட்டுள்ளது.

ஆயினும் குற்றவியல் வழக்கின் முதல் நோக்கம் தண்டனையே. தகப்பனை இழந்த குடும்பத்தின் நாளைய சோற்றுக்கு அது முழுமையான விடையாகாது.

நட்டஈட்டு வழக்கு

இரண்டாவது, மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கும் குடியியல் வழக்கு. இலங்கையில் இது உரோம ஒல்லாந்துச் சட்டத்தின் வழிவந்தது. எதிர்த்தரப்பினர் கவலையீனமாக நடந்தார் என்பதையும், அதனாலேயே இழப்பு நேர்ந்தது என்பதையும் வழக்காளி நிரூபிக்க வேண்டும். வைத்தியச் செலவு, இழந்த வருமானம், வருங்காலத்தில் உழைக்க முடியாமை, அனுபவித்த வேதனை ஆகியவற்றுக்கு நட்டஈடு கேட்கலாம்.

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் விடயத்தில் இச்சட்டம் நெடுங்காலம் கடுமையாகவே இருந்தது. உழைக்காத குழந்தையின் மரணத்தால் பெற்றோருக்கு நேர்ந்த பணநட்டம் எவ்வளவு என்று அது கேட்டது. அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கு அதில் இடமிருக்கவில்லை. சிறுமியொருவரின் மரணம் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2001இல் இந்நிலைப்பாட்டையே உறுதிசெய்தது. மரணத்திற்கான நட்டஈட்டை அறவிடுதல் பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமே இந்தக் குறையைப் போக்க வந்தது. நெருங்கிய உறவை இழந்தோர், பணநட்டத்திற்கு அப்பாலும் தம் இழப்பை மன்றின் முன் வைக்க அது வழிதிறந்துள்ளது. குறிஞ்சாக்கேணி போன்ற விபத்துக்களில் பலியானோர் பெரும்பாலும் பிள்ளைகளாதலால், இச்சட்டத்தை நம் மக்கள் அறிந்திருத்தல் அவசியம்.

'ஓடக்காரனே ஏழை, அவனிடம் வழக்குப் பேசி என்ன கிடைக்கும்?' என்று கேட்போர் பலர். நியாயமான கேள்வி. வீதியில் ஓடும் வாகனத்திற்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கின்றது. துறையில் ஓடும் ஓடத்திற்கு அக்கட்டாயம் எட்டுவதில்லை. ஆனால் பொறுப்பு ஓடக்காரனோடு முடிந்துவிடுவதில்லை. படகின் உரிமையாளர், குத்தகைக்குக் கொடுத்த மன்றம், அனுமதியளித்த அதிகாரி, மாற்றுவழி அமைக்கத் தவறிய ஒப்பந்தகாரர் ஆகியோரில் எவரேனும் கவலையீனமாக இருந்திருந்தால் அவரும் எதிராளியாகலாம். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பலர் கூட்டாக ஒரு தீங்குக்குக் காரணமானால் அவர்களைச் சேர்த்து வழக்கில் நிறுத்த இடமளிக்கின்றது. அதே சட்டம், பாதிக்கப்பட்டவரின் சொந்தக் கவலையீனத்திற்கேற்ப நட்டஈட்டைக் குறைக்கவும் சொல்கின்றது. கொடுத்த உயிர்காப்பு அங்கியை அணிய மறுத்தவர் இதனைக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

படகில் கூலிக்கு வேலைசெய்து காயமடைந்தவருக்கு வேறொரு வழியும் உண்டு. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ், வேலையின் பொருட்டு நேர்ந்த விபத்துக்குத் தொழில்தருநர் நட்டஈடு கொடுக்கவேண்டும். அங்கு முதலாளியின் கவலையீனத்தை நிரூபிக்கவேண்டிய சுமை இல்லை.

அடிப்படை உரிமை

மூன்றாவது வழி உயர் நீதிமன்றத்தை நாடுவது. அரச அல்லது உள்ளூராட்சி அதிகாரிகளின் செயலால், அல்லது செய்யவேண்டியதைச் செய்யாமையால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் மனுச்செய்யலாம். மாண்டவரின் சார்பில் உரித்தாளிகள் மனுச்செய்யலாம் என்பதை, பொலிஸ் காவலில் இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில் அந்நீதிமன்றம் 2003இல் ஏற்றுக்கொண்டது. அதிகாரிகள் தம் கடமையைச் செய்யாதிருந்தமைக்காகவே நட்டஈடு விதிக்கப்படலாம் என்பதற்கு, 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் தொடர்பாக 2023 ஜனவரியில் வழங்கப்பட்ட தீர்ப்பு சான்று. சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மட்டக்களப்புக்கு அத்தீர்ப்பை நாம் விளக்கத் தேவையில்லை.

காலம் காத்திராது

உரிமையிருந்தும் அதனை இழப்போர் பெரும்பாலும் காலத்தாமதத்தாலேயே இழக்கின்றனர். அடிப்படை உரிமை மனுவுக்கு உள்ள காலம் ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் இக்கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலேயே உண்டு. குடியியல் நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறைக் கட்டளைச்சட்டம் பொதுவாக இரண்டு வருடம் தருகின்றது. அரசின் மீதோ உள்ளூராட்சி மன்றத்தின் மீதோ வழக்கிடுவதாயின் எழுத்தில் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். மன்றங்களின் விடயத்தில் வழக்கிடும் காலமும் மிகக் குறுகியது. நாற்பதாம் நாள் கத்தமோ முப்பத்தோராம் நாள் கிரியையோ முடியட்டும் என்று காத்திருப்பவர்கள், ஒரு மாதம் அதற்குள்ளேயே கழிந்துவிடும் என்பதை அறியவேண்டும். துக்கத்திலிருக்கும் வீட்டுக்காரருக்கு அது முடியாதாயின், உறவினரோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, கோயில் பரிபாலன சபையோ ஒருவரை அப்பணிக்கு அனுப்புவதே உண்மையான அனுதாபமாகும்.

சாட்சியம் சேர்ப்பதிலும் அவ்வாறே. பொலிசில் செய்த முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலைக் குறிப்புகள், உடன் பயணித்தோரின் பெயர்கள், படகின் நிழற்படங்கள், பயணச்சீட்டு இருப்பின் அது, செலவுச் சிட்டைகள் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே திரட்டவேண்டும். கவிழ்ந்த படகு பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னர் அதன் ஓட்டையைக் காட்ட முடியாது. நீரை விழுங்கி மீண்டவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போய்விடலாகாது. மூச்சுத்திணறல் சில மணி நேரங்கழித்தும் தோன்றக்கூடுமாதலால், வைத்தியரிடம் காட்டுவது உயிருக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது.

இங்கே முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனாஸாவைத் தாமதமின்றி அடக்கவேண்டும் என்பது மார்க்கக் கடமை. அதனை மதித்து மரண விசாரணையை விரைவாக நடத்துமாறு திடீர் மரண விசாரணை அதிகாரியையும் நீதவானையும் கேட்பது முற்றிலும் முறையானது. ஆனால் விரைவாக நடத்துங்கள் என்பது வேறு, விசாரணையே வேண்டாம் என்பது வேறு. மரணம் எவ்வாறு நேர்ந்தது என்ற பதிவு இல்லையேல், பின்னர் எந்த மன்றும் குடும்பத்துக்கு உதவ முடியாமற் போகலாம். கத்ர் என்றும் விதி என்றும் சொல்லி மனதை ஆற்றிக்கொள்வது இரு சமூகத்தாருக்கும் இயல்பே. எனினும் ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்ற பாடத்தை அறிந்த சமூகம், கட்டவேண்டியவர் கட்டினாரா என்று கேட்பதில் இறைநம்பிக்கைக்கு முரணேதுமில்லை.

வசதியற்றோருக்கு யார் துணை?

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது பலரைத் தடுக்கின்றது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோருக்கு இலவசமாக ஆலோசனை வழங்கி, தகுதியுள்ள வழக்குகளில் சட்டத்தரணியையும் அமர்த்துகின்றது. மட்டக்களப்பிலும் அதன் நிலையம் இயங்குகின்றது. கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழ் பெற்று, மேற்சொன்ன ஆவணங்களுடன் சென்றால் போதுமானது. பாதிக்கப்பட்டவர் மாணவராயின், 2017இல் தொடங்கப்பட்ட சுரக்‌ஷா மாணவர் காப்புறுதியின் நன்மை கிடைக்குமா என்பதைப் பாடசாலை அதிபரிடம் விசாரித்தறிய வேண்டும்.

இன்னொன்று. விபத்து நடந்த சில நாட்களுக்குள், செலவுக்கென்று சிறு தொகையைக் கையில் வைத்து, 'இனி எதுவும் கோரமாட்டேன்' என்ற தாளில் கையொப்பம் கேட்டு எவரேனும் வரக்கூடும். சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாமல் கையொப்பமிடலாகாது. சமாதானம் நல்லதே. அது இரு தரப்பும் அறிந்து செய்யும் சமாதானமாக இருக்கவேண்டும்.

வழக்குக்கு முன்னர் செய்யவேண்டியவை

எந்த நட்டஈடும் போன உயிரைத் தராது. ஆதலால் விபத்துக்கு முந்திய நாளே நமது அக்கறைக்குரிய நாள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு நல்லதொரு கருவி. ஒரு துறையில் ஓடும் பாதைக்கு அனுமதியளித்தது யார், எத்தனை பேர் ஏறலாம், கடைசியாகப் பரிசோதித்த திகதி என்ன, எத்தனை உயிர்காப்பு அங்கிகள் உள்ளன என்று எந்தப் பிரஜையும் எழுத்தில் கேட்கலாம். கேட்கப்பட்ட அலுவலகம் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். இக்கேள்விகளை ஒவ்வொரு துறைக்கும் மழை தொடங்குமுன் ஒருவர் கேட்டாலே பல குறைகள் தாமாகத் திருந்தும்.

பிரதேச சபைகளும் வீதி அபிவிருத்தித் திணைக்களங்களும் மாவட்டச் செயலகமும் ஒன்றுகூடிச் செய்யவேண்டியவை பெரிய செலவுக்குரியவையல்ல. ஏறக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையைப் படகிலேயே தமிழில் பெரிதாக எழுதுதல், சிறுவர்க்கேற்ற அளவில் அங்கிகள் வைத்தல், கயிறு கட்டிய மிதவைகளைக் கரையிலும் படகிலும் தொங்கவிடுதல், காற்றெச்சரிக்கை வந்தால் சேவையை நிறுத்தும் அதிகாரத்தை ஓட்டுநருக்கே கொடுத்து, நிறுத்தியதற்காக அவரது கூலியை வெட்டாதிருத்தல் ஆகியன உடன் செய்யக்கூடியவை. இந்தியா 2021இல் இயற்றிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவையும் காப்புறுதியையும் வலியுறுத்துகின்றது. பயணிகளை ஏற்றும் ஒவ்வோர் ஓடத்துக்கும் காப்புறுதி என்ற கட்டாயம் இங்கும் வருமாயின், ஏழை ஓடக்காரனும் ஏழைப் பயணியும் ஒருவரையொருவர் மன்றத்தில் நொந்துகொள்ளும் நிலை நீங்கும்.

பாலம் கட்டும் எந்தத் திட்டத்திலும், வேலை முடியும்வரை மக்கள் பாதுகாப்பாகக் கடக்கும் வழி ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். அது எழுதப்படாத திட்டத்திற்கு அடிக்கல் நாட்ட எந்த மக்கள் பிரதிநிதியும் முன்வரலாகாது. வாவி நமக்கு மீனும் தந்தது, வழியும் தந்தது. அதைக் கடந்து பள்ளிக்குப் போன பிள்ளை மாலையில் வீடு திரும்புவதற்கு உத்தரவாதமளிப்பது அரசின் கடன். அந்த உத்தரவாதத்தைக் கேட்டுப் பெறுவது இரு கரையிலும் வாழும் நம் அனைவரதும் கடன்.